தூளிக்கு ஒரு கேமரா

என் மனைவி கலைவாணி தூங்கி ஐம்பத்தொரு நாள் ஆகிறது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். அப்படி ஒரு மனுஷி உயிரோடு இருக்க முடியாது என்று எனக்கும் தெரியும். கண்ணை மூடுகிறாள், மூடின கையோடு திறந்தும் விடுகிறாள். அதற்குத் தூக்கம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தை பிறந்து ஐம்பத்தொரு நாள். அத்தனை நாளும் அவள் இடது கை தூளிக்குள்தான் இருக்கிறது. சோறு தின்னும்போதும் உள்ளங்கை குழந்தையின் நெஞ்சில். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நான் குமரேசன். மலைமேல் இருக்கிற புதூர்நாட்டுக்கும் கீழே திருப்பத்தூருக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறேன். காலையில் இரண்டு நடை, மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு நடை. வளைவு வளைவாக ஏறி இறங்கி வீட்டுக்கு வந்தால் உடம்பு கட்டிலைத் தேடும். ஆனால் வீட்டில் தூங்கக் கூச்சமாக இருக்கிறது. அவள் விழித்திருக்கும்போது நான் எந்த முகத்தோடு தூங்குவது?

கூச்சத்துக்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து என்ன ஆகப் போகிறது.

இது எங்களுக்கு இரண்டாவது குழந்தை. முதல் பிள்ளை பையன். நாற்பத்து மூன்று நாள் இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் கலைவாணி துணி துவைக்கப் போனாள். போகும்போது, "பாத்துக்கோங்க" என்றாள். முந்தின ராத்திரி முழுக்கக் கோயில் சவாரி ஓட்டிவிட்டு வந்திருந்தேன். பாயில் உட்கார்ந்து தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தவன் அப்படியே தூங்கிப் போனேன். அவள் திரும்பி வந்தபோது கயிறு என் கையிலேயே இருந்தது. பையன்தான் இல்லை.

டாக்டர் நல்ல மனிதர். "சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகும். யார் முழிச்சிருந்தாலும் ஆகியிருக்கும்" என்றார். அந்தச் சொல்லை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஜீப் ஓட்டும்போது அது உண்மை மாதிரிதான் இருக்கும். வீட்டு வாசற்படி ஏறினால் பொய்யாகிவிடும்.

கலைவாணி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருஷமாகக் கேட்கவில்லை. திட்டியிருந்தால், இரண்டு அறை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் இந்தப் பெண் குழந்தை பிறந்ததிலிருந்து ஒன்று நடக்கிறது. அவள் குளிக்கப் போகும்போது நான் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவள் என்னைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டு குப்பம்மாவைக் கூப்பிட்டுத் தூளிப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவாள். குப்பம்மாவும் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போகும். அதற்கும் பாவம் சங்கடம்.

நாற்பத்து மூன்றாவது நாள் தாண்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள். நாற்பத்து நான்காவது நாள் வந்தது. கை தூளிக்குள்ளேயே இருந்தது.

போன வாரம் நர்ஸ் அமுதவல்லி எடை பார்க்க வந்தார். குழந்தையின் எடை சரியாக இருந்தது. தாயைப் பார்த்துத்தான் அவர் முகம் மாறிப்போனது. கலைவாணி நின்றபடியே சுவரில் சாய்ந்து கண் செருகினாள். தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

வெளியே வந்து என்னிடம், "இவங்க இப்டியே போனா கீழ வுழுந்துடுவாங்க. கொழந்தய கையில வச்சினு வுழுந்தா இன்னா ஆவறது? ஒரு நாளைக்கு மூணு மணி நேரமாச்சும் படுத்துத் தூங்கணும். வூட்ல பாத்துக்க வேற ஆளு இல்லியா?" என்றார்.

வேற ஆள் அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தான். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டவுன்ல எல்லாம் கொழந்த ரூம்ல கேமரா மாட்றாங்க. தள்ளிப் படுத்துகினே பாத்துக்கலாம்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நர்ஸம்மா அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். நான் அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டேன். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கேமரா பார்த்துக்கொள்ளும், நீ தூங்கு என்று சொல்லலாம் அல்லவா?

மறுநாள் ஜீப்பில் பேச்சை எடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. பதினான்கு பேர் உட்கார்ந்திருக்கும் ஜீப்பில் ஒரு யோசனை கேட்டால் பதினெட்டு யோசனை வரும். புளி மூட்டையோடு ஏறியவர், கலரில் தெரிகிறதாக வாங்கு என்றார். சாமை விற்கப் போகிறவர், கழுத்துத் திரும்புகிற கேமரா இருக்கிறதாம், அதுதான் நல்லது என்றார். பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த ஒரு பெண், குழந்தை அழுதால் பாட்டுப் பாடுகிற கேமராவை மகள் வேலை செய்யும் வீட்டில் பார்த்ததாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஷோபனாதான் விஷயம் தெரிந்தவர். எங்கள் பாதையில் ஒரே ஒரு வளைவில்தான் போனுக்கு நன்றாக சிக்னல் வரும். அங்கே ஜீப்பை ஓரம் கட்டச் சொல்லி, வாங்கினவர்கள் எழுதியிருப்பதை எல்லாம் உரக்கப் படித்தார்.

"ஒரு அம்மா எழுதியிருக்காங்க, சார்ஜ் நிக்கலையாம்."

"அப்ப அது வாணாம்" என்றார் புளி மூட்டைக்காரர், அவர் வீட்டுக்கு வாங்குகிற மாதிரி.

நான்கு நாள் இப்படி நடந்தது. நான்கு நாளும் அந்த வளைவில் பத்து நிமிஷம் ஜீப் நின்றது. ஒருவரும் நேரமாகிறது என்று முணுமுணுக்கவில்லை. என் முதல் பிள்ளையின் விஷயம் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி என்னிடம் பேச முடியாதவர்கள் கேமராவைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அது புரிந்தது. அவர்கள்மேல் கோபம் வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

ஐந்தாம் நாள் திருப்பத்தூரில் பஞ்சாட்சரம் கடைக்குப் போனேன். கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கேமரா மாட்டுகிறவர். தலைக்கு மேல் எட்டு கேமரா தொங்க, அதற்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பேபி ரூம் எத்தன அடி?" என்று கேட்டார்.

"ரூமுன்னா, வூடே ஒரு ஹாலு, உள்ள ஒரு ரூமு. அவ்ளோதான். அந்த ரூம்ல கொழந்த தூங்கும்."

"நெட் கீதா?"

"கொளத்து மேட்டுல கீது."

"கொளத்து மேட்டுலயா கொழந்த தூங்குது?" என்றார் அவர், சிரிக்காமல். போனில் பார்க்கிற வகை எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார்.

பிறகு சாக்ஸ் மாதிரி ஒன்றைக் காட்டினார். குழந்தையின் காலில் மாட்டினால் நாடித்துடிப்பைச் சொல்லுமாம். அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் சுண்டு விரலுக்குத்தான் சரியாக இருந்தது.

"மூச்சு நின்னா சொல்லுங்களா?" என்றேன்.

பஞ்சாட்சரம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். விற்கிறவர் செய்யக் கூடாததைச் செய்தார். அந்தச் சாக்ஸை என் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் போட்டார்.

"தம்பி, இதுக்கும் போன் வோணும், நெட் வோணும். இருந்தாலும் நான் உனக்குச் சத்தியம் பண்ணிக் குடுக்க மாட்டேன். மெஷினு கத்தும், அவ்ளோதான். ஓடிப்போயி தூக்கறதுக்கு ஒரு ஆளு முழிச்சினு இருக்கணும்."

கடைசியில் ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். ஒரு கேமரா, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை. நெட் வேண்டாம்; ஒன்று இருட்டிலும் பார்க்கும், மற்றது காட்டும். திரையில் ஒரு பட்டனை அழுத்திப் பேசினால் கேமராவில் குரல் கேட்கும். கேமரா பக்கம் பேசினால் திரையில் கேட்கும். "சமையல் பண்ணிகினே தாலாட்டுப் பாடலாம்" என்றார். பெட்டியின்மேல் படம் போட்டிருந்தது. வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று, கம்பி கம்பியாக மரத்தடுப்பு வைத்த கட்டிலில் மல்லாந்து படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை நான் மலை ஏறுகிற வழி முழுக்க ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஜீப்பில் இருந்தவர்கள் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். டீச்சர் எழுத்தெல்லாம் படித்துச் சொன்னார். விலையை மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் நீங்களும் திட்டுவீர்கள்.

வீட்டுக்கு வந்து கேமராவை உள்ளறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். குப்பம்மா வாசலில் நின்று பார்த்தது. கலைவாணி தூளிக்குள் கையை வைத்தபடி என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் ஆசை இருந்ததை நான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்தச் சாமான் வேலை செய்தால் தூங்கலாம் என்று அவளும் நம்பினாள்.

திரையைப் போட்டேன். படம் பளிச்சென்று வந்தது.

சேலை தெரிந்தது.

உத்தரத்திலிருந்து தொங்குகிற நீலப் பூப்போட்ட நூல் சேலை. மேலே முடிச்சு, கீழே குழந்தையின் கனத்துக்குக் கொஞ்சம் புடைப்பு. இரண்டு பக்கமும் துணி மூடிக்கொண்டு, வாழைப்பூ மாதிரி. சேலையில் போட்டிருந்த பூவின் காம்பு வரைக்கும் தெரிந்தது, அவ்வளவு துல்லியம். குழந்தைதான் இல்லை.

ஸ்டூல் போட்டு உத்தரத்தில் கட்டிப் பார்த்தேன். முடிச்சுத் தெரிந்தது. தரையில் வைத்து மேலே திருப்பினேன். புடைப்புத் தெரிந்தது. நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்துத் துணியை விரிக்கலாம் என்றேன். "கட்ட நழுவி மேல வுழுந்தா?" என்றாள். கேமராவை மறுபடி சுவரில் மாட்டி, குழந்தையை எடுத்துப் பாயில் கிடத்தினோம். பாயில் அவள் ரொம்ப அழகாகத் திரையில் தெரிந்தாள், இரண்டு நிமிஷம். அப்புறம் ஊரைக் கூட்டுகிற அழுகை. தூளி இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. கலைவாணி அவளை எடுத்துத் தூளியிலேயே போட்டாள், திரையில் மறுபடி சேலை.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அவமானமாக இருந்தது. ஜீப்பில் பதினான்கு பேர். பதினான்கு பேரும் தூளியில் வளர்ந்தவர்கள். தூளி கட்டிப் பிள்ளை வளர்த்தவர்கள். நான்கு நாள் அலசினோம், கழுத்துத் திரும்புமா, கலரில் தெரியுமா, சார்ஜ் நிற்குமா என்று. தூளிக்குள் இருக்கிற குழந்தை எந்தக் கேமராவுக்கும் தெரியாது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. பெட்டியில் இருந்த அந்தக் கட்டிலைப் பார்த்துமா எனக்குத் தோன்றவில்லை?

"ஏன் கொமரேசா, சேலய பாக்கறதுக்கா இம்மாந்தூரம் போய்ட்டு வந்த?" என்றது குப்பம்மா.

கலைவாணி சிரித்தாள். ஐம்பத்தொரு நாளில் முதல் சிரிப்பு. திரையைப் பார்த்து, சேலையைப் பார்த்து, மறுபடி சிரித்தாள். குப்பம்மாவும் சிரித்துக்கொண்டே தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. அது போன பிறகும் கலைவாணி நிறுத்தவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கையைத் தூளிக்குள் விட்டபடியே நின்று அழுதாள்.

"அன்னிக்கி நீங்க தூங்கிட்டீங்க" என்றாள்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்தது.

"ஆமா" என்றேன்.

"நான் கேக்கவே இல்ல."

"தெரியும்."

"கேட்டா நீங்க ஒடஞ்சி போய்டுவீங்கன்னு கேக்கல. கேக்காததால பாத்துக்கோங்கன்னு சொல்லவும் வாய் வரல. இன்னா பண்ணுவேன் நான்? எனக்குத் தூக்கம் வருதுங்க. செத்துப்போற மாதிரி தூக்கம் வருது."

"நான் பாத்துக்கறேன்னு சொல்ல எனக்குப் பயம், கலை. எம்மேல எனக்கே நம்பிக்க இல்ல. அதான் இத வாங்கியாந்தேன்" என்றேன். சொன்ன பிறகு மூச்சு விட முடிந்தது.

அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தூளிக்குள் வைத்தாள். தன் கை இருந்த இடத்தில் என் கையை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திச் சரிசெய்தாள். குழந்தையின் நெஞ்சு என் உள்ளங்கையைவிடச் சின்னது. ஏறி இறங்கியது. மூன்று வருஷத்தில் ஒரு குழந்தையின் நெஞ்சை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவள் சுவரிலிருந்த கேமராவைப் பிடித்துத் திருப்பினாள். திரையைப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் திருப்பினாள். நான் எட்டிப் பார்த்தேன். சேலை ஓரத்துக்குப் போயிருந்தது. நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன், தலை முதல் கால் வரைக்கும்.

"ஹாலுல படுத்துக்கறேன்" என்று திரையை எடுத்துக்கொண்டு போனாள்.

எனக்கு ரோஷம் வரவில்லை. வந்திருக்க வேண்டுமா? அவள் என்னைப் பார்க்கட்டும். பார்க்க வேண்டிய ஆள்தான் நான்.

கேமராவிலிருந்து கரகரவென்று குரல் வந்தது. "கேக்குதா?"

"கேக்குது."

"உக்காராதீங்க."

"உக்காரல."

மத்தியானம் மணி இரண்டு இருக்கும். காலையில் நான்கு மணிக்கு எழுந்தவன் நான். கால் இரண்டும் கெஞ்சின. வலது கை தூளிக்குள் இருக்க, இடது கையால் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மூச்சு?" என்றது கேமரா.

"வருது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "மூச்சு?"

"வருது, கலை."

ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டாள். பிறகு பத்து நிமிஷம் ஆனது. ஒரு தடவை "மூச்" என்று பாதியில் நின்றுவிட்டது. நான் வருது என்றேன். காத்திருந்தேன். அடுத்த கேள்வி வரவேயில்லை. கேள்வி வராவிட்டாலும், வருது என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி நடைக்கு ஆட்கள் ஜீப்பைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார்கள். புளி மூட்டைக்காரர் வாசலில் நின்று, "இன்னா கொமரேசா, வண்டி எடுக்கலியா?" என்று ஆரம்பித்தவர், ஹாலுக்குள் பார்த்தார். அப்படியே வாயை மூடிக்கொண்டார். பின்னால் வந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லோரும் செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு மூன்று மணி ஜீப் போகவில்லை.

நான் கையை எடுக்காமல் கதவுப் பக்கம் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தேன். கலைவாணி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்னதாகக் குறட்டை வந்தது. திரை அவள் கையிலிருந்து நழுவிப் பாயில் குப்புறக் கிடந்தது. அதில் என் உருவம் தெரிந்தபடி இருக்கும், பாய்க்குத்தான்.

இப்போது என்னை யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் ஸ்டூல் இருந்தது, கால் மரத்துப் போயிருந்தது. நான் உட்காரவில்லை.